அப்பா கைநாட்டு வைத்த தாள்



புக்கிட் மெர்தாஜாமில் நான் தோட்டப் பள்ளி ஆசிரியை. நாற்பதைத் தாண்டியவள், கையில் இருப்பது ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ். இப்போது தொலைக்கல்வியில் மனிதவள நிர்வாகப் பட்டம் படிக்கிறேன். “இந்த வயசில உனக்கு ஏம்மா பரீட்சை?” என்று கேட்டார் அம்மா.

வேலை செய்துகொண்டே படிப்பது நம் பக்கம் புதிதல்ல. பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971-இலேயே இவ்வழியைத் திறந்துவிட்டது. என் பாடவேளை, இரவில் பாத்திரம் கழுவிய பிறகு.

ஓரிரவு 1980-ஆம் ஆண்டு பணிநிறுத்த இழப்பீட்டு விதிகளைப் படித்தேன். ஐந்தாண்டும் அதற்கு மேலும் உழைத்தவரை ஆள்குறைப்பில் நிறுத்தினால், ஆண்டுக்கு 20 நாள் சம்பளமாவது தரவேண்டும். அப்பா 22 ஆண்டு பால்மரம் சீவியவர். கணக்குப் போட்டேன்: 440 நாள் சம்பளம். தொண்ணூறுகளில் மரங்களை வெட்டித் தோட்டத்தை மூடியபோது, காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்து, அதில் பாதிகூட வாங்காமல் லயத்தைக் காலிசெய்தார். இன்று அவர் இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அன்னிக்குப் படிச்சுச் சொல்ல ஆளில்லையே. நீ படிம்மா” என்றார்.

உங்களிடம் யாரேனும் தாளை நீட்டினால், முதலில் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். புரியாவிட்டால் தொழிலாளர் இலாகாவில் கேளுங்கள். கையெழுத்து அப்புறம் இருக்கட்டும்.