சிவக்காத கண்ணிலும் நோய் உண்டு

உட்லண்ட்ஸ் வட்டாரத்தில் கற்பிக்கும் எனக்கு மூக்குக்கண்ணாடி அணிந்த பிள்ளைகள் பழகிப்போன காட்சி. கிட்டப்பார்வை அத்துணைப் பரவலாக இருந்ததால்தான் 2001இல் தேசிய அளவில் தடுப்புத் திட்டமே தொடங்கப்பட்டது. ஆகவே, ஒரு பிள்ளை புத்தகத்தை முகத்தருகே கொண்டுசென்றால் 'டிகிரி ஏறிவிட்டது' என்று முடிவுகட்டி விடுகிறோம். எப்போதும் அதுவே காரணம் அன்று.

சில ஆண்டுகளுக்கு முன் என் தொடக்கநிலை மூன்று வகுப்பில் பயின்ற மாணவி ஒருத்திக்கு முழங்கால் வீங்கியது. சிறார் மூட்டழற்சி என்றார்கள். மூன்று மாதத்திற்கு ஒருமுறை கண் பரிசோதனையும் வேண்டும் என்றார்கள்.

"கண்ணு சிவக்கல, வலிக்கல. கால் வலிக்கு எதுக்கு டீச்சர் கண்ணைப் பார்க்கிறாங்க?" என்று அவளுடைய தாயார் கேட்டார்.

நியாயமான கேள்விதான். உடலின் நோய் கண்ணில் தங்குவதுண்டு. 1993 வெள்ளத்திற்குப்பின் மதுரை வட்டாரத்தில் எலிக்காய்ச்சல் பரவியது. அடுத்த ஆண்டு அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பலர் உட்கண் அழற்சியோடு வந்தனர். காரணம் அக்காய்ச்சலே என்று கண்டறிந்தார்கள்.

சிறார் மூட்டழற்சி கண்ட பிள்ளைகளுள் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அல்லது இருவருக்கு யுவைட்டிஸ் எனப்படும் இவ்வழற்சி வருகிறது. பெரும்பாலும் சிவப்போ வலியோ இராது. கண் மருத்துவர் மெல்லிய ஒளிக்கீற்றைப் பாய்ச்சி, உருப்பெருக்கிப் பார்த்தால்தான் தெரியும். கவனியாது விட்டால், கண்மணியைச் சுற்றியுள்ள திரை வில்லையோடு ஒட்டிக்கொள்ளும். கண்மணி வட்டம் இழக்கும். விழியின் முன்புறம் சுண்ணாம்புப் படிவு வெண்பட்டையாகப் படரும். இளவயதிலேயே கண்புரை தோன்றும். கண்ணழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பு சிதையும். புரையை அறுவை செய்து நீக்கலாம். சிதைந்த நரம்பு மீள்வதில்லை.

அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தும் நெடுநாள் பயன்பாட்டில் புரையையும் அழுத்தத்தையும் உண்டாக்கக்கூடும். எனவே அதனை நாமாக நிறுத்துவதும் தவறு, நாமாகத் தொடர்வதும் தவறு. சொட்டு மருந்தால் மட்டும் அடங்காதபோது அடாலிமுமாப் போன்ற ஊசி மருந்துகளும் இன்று உள்ளன.

அத்தாயார் ஒரு பரிசோதனையையும் தவறவிடவில்லை. நான்காம் முறை சென்றபோது அழற்சி தென்பட்டது. பார்வை குறையுமுன் சிகிச்சை தொடங்கியது. இன்று அவள் உயர்நிலைப்பள்ளி மாணவி. நன்றாகப் படிக்கிறாள், பரிசோதனையும் தொடர்கிறது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்மணியை விரிக்கும் மருந்திட்ட நாளில் பிள்ளைக்கு வெளிச்சம் கூசும். அருகிலுள்ள எழுத்து மங்கும். அன்று சன்னலோரம் அமர்த்தாதீர்கள். எழுத்துத் தேர்வைத் தள்ளிவையுங்கள். பெற்றோரே, மூட்டு வீக்கமுள்ள பிள்ளையின் கண் தெளிவாகத் தோன்றினாலும், மருத்துவர் குறித்த நாளைத் தள்ளிப்போடாதீர்கள்.