கழித்த பின் எஞ்சுவது

1999இல் கோமா காலக்ஸிக் கொத்தைப் பற்றிய அந்த அறிவிப்பு வந்தபோது நாங்கள் முதுகலை இயற்பியல் மாணவர்கள். துறைக் கருத்தரங்கில் அதைப் பற்றிப் பேசினோம்; பறைசாற்றினோம் என்பதே சரி.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட காலக்ஸிகள், 30 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால். அவற்றின் இடைவெளியை ஏறத்தாழ 10 கோடி டிகிரி வெப்பமுள்ள வாயு நிரப்பியிருக்கிறது. அது எக்ஸ் கதிர்களை உமிழ்வதில் வியப்பில்லை. ஆனால் அங்கிருந்து ரேடியோ அலைகளும் வருகின்றன. ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழலும்போது எழுபவை அவை. அதே எலக்ட்ரான்கள் பெருவெடிப்பின் எச்சமான நுண்ணலை ஒளித்துகள்களோடு மோதினால், அத்துகள்கள் எக்ஸ் கதிர்களாக உயர்ந்தாக வேண்டும். வெப்பம் சாராத இந்தக் கதிரை அளந்துவிட்டால், ரேடியோ அளவோடு ஒப்பிட்டுக் காந்தப்புலத்தின் வலிமையையே கணித்துவிடலாம். இத்தனை எளிய தராசு வானியலில் அரிது. மயங்கிவிட்டோம்.

பெப்போசாக்ஸ் விண்கலத்தின் கருவி 20 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஓர் உபரியைக் கண்டிருந்தது. அக்கருவி படமெடுப்பதன்று. முழுநிலவின் அகலத்தைப்போல் இருமடங்குக்கும் மேலான வான்பரப்பிலிருந்து வருவதையெல்லாம் எண்ணி, அருகிலிருக்கும் வெற்றுவானத்தின் எண்ணிக்கையைக் கழிக்கும். பேசி முடித்ததும் எங்கள் பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: "கழிக்கிறார்களே, அந்தப் பின்னணியை எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறார்கள்?" பதில் தெரியவில்லை. பொறாமை என்று விடுதியில் பேசிக்கொண்டோம்.

2004இல் இருவர் அதே தரவுகளை மறுபடி அலசி, பின்னணியின் பிழையே அந்த உபரியை ஐயத்துக்குள்ளாக்கப் போதும் என்றனர். முதற்குழு ஏற்கவில்லை. 2009இல் ஜப்பானின் சுசாகு விண்கலத் தரவுகளை ஆராய்ந்தவர்களுக்கு வெவ்வேறு வெப்பநிலைகளில் உள்ள வாயுவே போதுமானதாயிருந்தது. வன் எக்ஸ் கதிர்களையும் குவித்துப் படமாக்கவல்ல நுஸ்டார், கொத்தின் மையத்தை நோக்கியபோதும் (2015இல் வெளியான முடிவு) தனிக் கூறு ஏதும் தேவைப்படவில்லை.

விந்தை என்னவெனில், உபரியை நம்பிய கணக்கு காந்தப்புலத்தை 0.15 மைக்ரோகாஸ் அளவுக்குத் தாழ்த்தியிருந்தது. கொத்தினூடே வரும் ரேடியோ அலைகளின் முனைவாக்கத் தளம் திரும்புவதை அளந்தவர்களோ சில மைக்ரோகாஸ் என்றார்கள். உபரி மறைந்ததும் அந்தப் பிணக்கும் தளர்ந்தது. எலக்ட்ரான்கள் அங்கேதான் இருக்கின்றன. புலம் வலியதென்றால் அதே ரேடியோ ஒளிக்குச் சிலவே போதும், எக்ஸ் கதிரும் அந்த அளவுக்கு மங்கிவிடும்.

அண்மையில் எங்களில் ஒருவர் அந்தக் கருத்தரங்குக் குறிப்பேட்டைக் கண்டெடுத்தார். 'உறுதி' என்ற சொல்லை இருமுறை அடிக்கோடிட்டிருக்கிறோம். பேராசிரியரின் கேள்வியை எழுதிவைக்கவில்லை.