நிறம் என்னும் பாடபேதம்

மாதிரி விமானத்துக்கு வண்ணம் தீர்மானிப்பது பதிப்பாசிரியரின் வேலை என்று சொன்னால் என் வகுப்பில் சிரிப்பார்கள். இரண்டு மாதங்களாக அந்த வேலையில்தான் இருக்கிறேன். போடிமெட்டில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்ற என் தாய்மாமா முடிக்காமல் விட்டுச்சென்ற விமானம் அது. பால்சா மரச்சட்டகம், அதன்மேல் போர்த்திய மெல்லிய வெண்காகிதம். (பால்சா நம் இலவமரத்தின் பங்காளி என்பதைப் போடிக்காரர்களுக்கே உரிய பெருமையோடு சொல்வார்.) அவருடைய அளவுத்தாளில் எல்லாம் துல்லியமாக இருக்கின்றன, 'வண்ணம்' என்ற கட்டம் மட்டும் காலி.

அவர் எடுத்துக்கொண்டது டி ஹாவிலண்ட் பஸ் மாத். 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய் ஜூஹுவுக்கு அஞ்சலோடு ஓட்டிவந்த விமானம். அங்கிருந்து அஞ்சலைப் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். மூல விமானத்தின் இறக்கை வீச்சு 36 அடி 9 அங்குலம். மாமா அடிக்கு ஓர் அங்குலமாகச் சுருக்கியிருந்தார்.

சிக்கல் புகைப்படங்களில் தொடங்குகிறது. அக்காலத்தின் ஆர்த்தோகுரோமாட்டிக் படச்சுருள் சிவப்பை உணராது. சிவப்பு கறுப்பாக விழும், நீலம் வெளிறிப்போகும். எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் சுருளும் அதே ஆண்டுகளில் புழங்கியது. எந்தச் சுருள் என்று அறியாமல் படத்தின் சாம்பலைப் பார்த்து 'இது நீலம்' என்பது, செல்லரித்த ஏட்டின் துளையில் தனக்குப் பிடித்த சொல்லை எழுதிவைப்பதற்குச் சமம். உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது சிதைந்த இடங்களைப் புள்ளியிட்டுக் காட்டினார். பாடம் சொல்லும்போது அந்தப் புள்ளிகளிடம் எனக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு அந்த மரியாதை இல்லை. ஏர் இந்தியாவின் சிவப்பும் சன்னல் வளைவுகளும் வேண்டும் என்றான். ஏர் இந்தியா என்ற பெயரே 1946இல்தான் வந்தது; அப்பட்டமான இடைச்செருகல் என்றேன். "தாத்தா இருந்திருந்தா போட்டிருப்பாருப்பா" என்றான். இதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு யோசித்தேன். ஏலக்காயின் பச்சை வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதனால்தான் காய்ந்த காயைக் கறுப்புப் பாலித்தீன் உறையிட்ட சாக்கில் கட்டிவைக்கிறார்கள். பச்சை வெளுத்தால் விலை இறங்கும். நிறத்தைக் காப்பாற்றும் தொழிலுக்கே ஆயுள் முழுக்கக் கணக்கெழுதியவர், சான்றில்லாத நிறத்தைப் பூசத் துணிந்திருப்பாரா? அந்தக் கட்டத்தை அவர் மறந்துபோய்க் காலியாக விடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் இது அலமாரிக்கான விமானம் அன்று, பறக்க வேண்டும். போடிமெட்டுச் சரிவில் மஞ்சு இறங்கினால் எதிரே நிற்கும் ஆளே தெரியாது, வெள்ளை விமானம் எங்கே தெரியப்போகிறது? பளிச்சென்று ஏதாவது வேண்டும். பெயின்ட் என்றால் எடை: வாலில் ஒரு கிராம் ஏறினால் சமன்செய்ய மூக்கில் சில கிராம் ஈயம் வைக்க வேண்டும். எனவே பூச்சு இல்லை, வண்ணக் காகிதம்தான்.

உடல் வெண்மையாகவே இருக்கும். பக்கவாட்டில், சான்றுள்ள ஒரே பாடமாக, வி.டி.-ஏ.டி.என். என்ற பதிவெழுத்துகள். இடது இறக்கையின் அடியில் ஆரஞ்சுக் காகிதப் பட்டை ஒன்று. இரண்டு பக்கமும் ஒட்டினால் விமானம் வருகிறதா போகிறதா என்று தரையிலிருந்து தெரியாது. அந்தப் பட்டை நம்முடையது, மூலத்தில் இல்லாதது என்பதற்கு அடையாளமாக ஓரத்தில் புள்ளிக்கோடு இடுவேன். புள்ளிக்கோட்டுக்கு மகன் சம்மதித்துவிட்டான். பட்டையின் அகலம் நான்கு அங்குலம் என்கிறான். நான் மூன்றில் நிற்கிறேன்.