கல் ஈயின் பொம்மை

மொன்டானாவின் மடிசன் ஆற்றங்கரையில் முதிய தூண்டில்காரர் ஒருவர் 'சல்மன் ஈ' எனப்படும் பெருங் கல் ஈயின் இளம்பூச்சியைப் போலி செய்வதை அருகிருந்து பார்த்தேன்.

நீண்ட தூண்டில் முள்ளில் முதலில் கம்பியை நெருக்கிச் சுற்றினார். பின்னர் இறகுக் காம்பின் விறைத்த இழைகளால் இரண்டு வால்கள், கபில நிற மயிர்நூலால் உடல், றப்பரால் ஆறு கால்கள். கம்பியின் பாரமே இதில் முக்கியம். மெய்ப்பூச்சி நீந்துவதில் வல்லதன்று. பிடி நழுவினால் அடித்தளத்தோடு உருண்டு செல்லும். ட்ரவுட் மீன் காத்திருப்பதும் அங்கேதான். மிதக்கும் பொம்மை எத்துணை அழகாயினும் வீண்.

மூன்று நான்கு ஆண்டுகள் கல்லடியில் வளரும் இப்பூச்சி, சிறகு முளைத்தபின் சில வாரங்கள்கூட வாழ்வதில்லை. நீர் குளிர்ந்து தெளிந்திருக்க வேண்டும், அன்றேல் அழியும். யூட்டாவின் லோகன் ஆற்றிலிருந்து சென்ற நூற்றாண்டிலேயே அற்றுப்போயிற்று.

அந்த ஆற்றிலும் இதைக் கட்டி வீசுவோர் இருக்கக்கூடும். எதன் சாயல் அதுவென்று அங்குள்ள மீன்கள் அறியுமா?