தொட்டிக் காடு... ஏரிக்குப் போகக் கூடாது!

மீன் தொட்டி என்றாலே மீனுக்காக வைப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். காடு போன்ற தொட்டியில் கதை வேறு. அங்கே செடிதான் பயிர். மீன், அந்தப் பயிருக்குள் உலாவும் உயிர். மரக்கட்டையை அடிமரம் போல நிறுத்தி, பாசியை இலையாகக் கட்டி, கீழே புல்லும் புதரும் வளர்க்கும் இந்தக் கலையை உலகம் முழுக்கப் பரப்பியவர், ஜப்பானைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ. போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் மீன் காட்சியகத்தில் அவர் அமைத்த தண்ணீர்க் காடு 40 மீட்டர் நீளம். 1,60,000 லிட்டர் கொள்ளளவு. 2015-ல் அது திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அவர் காலமானார்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஏரிப்பாசனத்தில் நெல் போடும் விவசாயி ஒருவரின் வீட்டுக் கூடத்தில் இருப்பது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி. சுமார் 55 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கல்லூரியில் படிக்கும் மகளின் ஆசை அது. சென்னை, கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் புறப்படும் முன்பே மனைவி மறித்துக் கேட்டார்.

“ஏரியில ஆகாயத்தாமரையை அள்ளி அள்ளியே எங்கப்பாவுக்கு இடுப்பு போச்சு. அதுவும் ஒரு காலத்துல அழகுக்குன்னு வந்ததுதானே? இதுல வெட்டுற தழையை எங்க கொட்டுவீங்க? அதைச் சொல்லிட்டுப் போங்க.”

அவர் உடனே பதில் சொல்லவில்லை. யோசித்துவிட்டு, “ஒரு தழைகூட வாய்க்காலுக்குப் போகாது” என்று வாக்குக் கொடுத்த பிறகே கிளம்பினார்.

சந்தையில் மகளின் கண் போனது, கருஞ்சிவப்பு இலைகளோடு நின்ற ரோட்டாலா மக்ரான்ட்ரா மீது. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் செடிதான். ஆனால் மென்மையான தண்ணீர், நல்ல வெளிச்சம், கூடவே கார்பன் டை ஆக்ஸைடு வாயு என்று எல்லாம் கேட்கும். இவர்கள் வீட்டு போர் தண்ணீரோ, பாத்திரத்தில் வெள்ளைப் படலம் கட்டும் கடினத் தண்ணீர். “கண்ணுக்குப் பிடிச்ச ரகத்தை விட, நம்ம தண்ணிக்குப் பிடிச்ச ரகத்தை வாங்கும்மா” என்றார் அப்பா. விதை நெல் எடுக்கும்போது பார்க்கும் அதே கணக்கு.

வாங்கியவை ஐந்து: அனுபியாஸ், ஜாவா பெரணி, ஜாவா பாசி, இலங்கையைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வென்டி, நம் வரப்போரத்து நீர்ப்பிரம்மி. ஐந்துமே குறைந்த செலவில், வாயு சிலிண்டர் இல்லாமல் வளரக்கூடியவை.

நடுவதிலும் பக்குவம் உண்டு. அனுபியாஸ், ஜாவா பெரணி இரண்டுக்கும் இஞ்சி போலக் கிழங்குத் தண்டு இருக்கும். அதை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். நூலால் கட்டையில் கட்ட வேண்டும். பாசியையும் அப்படியே மெல்லிசாகப் பரப்பிக் கட்டினால் போதும். கட்டையை முன்கூட்டியே சில வாரங்கள் ஊறவைத்து, தேநீர் நிறத்தில் இறங்கும் சாயத்தை மாற்றி மாற்றிக் கொட்டினார்கள். மணலில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தார் அவர். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரை இன்னும் கடினமாக்கும் என்று அர்த்தம்.

நட்ட பத்தே நாளில் கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகக் கரைந்தன. மகள் பிடுங்கி எறியப் போனாள். “நாத்து பிடுங்கி நட்டா பயிர் கொஞ்ச நாள் வாடித்தானே நிக்கும்? வேரை விட்டு வை” என்றார். அழுகிய இலையை மட்டும் எடுத்தார்கள். மூன்றாவது வாரம் புதுக் குருத்து வந்தது.

மீன் விட அவசரப்படவில்லை. மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக 4 முதல் 6 வாரம் ஆகும். மண்ணில் நடப்பதுதான் தண்ணீரிலும் நடக்கிறது. அந்த நைட்ரேட், செடிக்கு உரம். செடி வாடுகிறதே என்று யூரியாவைத் தூவினால் மீன் மிஞ்சாது. ஆறு வாரம் கழித்து எட்டு ஜீப்ரா மீன்கள் வந்தன. வயலில் மருந்து அடித்த கையோடு தொட்டியைத் தொடக் கூடாது என்பது அந்த வீட்டில் எழுதாத சட்டம்.

அன்றாடப் பராமரிப்பு அதிகமில்லை. விளக்கு ஒரு நாளைக்கு 6 மணி நேரம். கூடினால் பச்சைப்பாசி கண்ணாடியை மூடும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்ற வேண்டும். மழைநீர் கிடைத்தால் கலந்து விடலாம். குருத்து வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு, பழைய இலையில் ஊசித் துளை விழுந்தால் சாம்பல் சத்துக் குறைவு என்று பயிரைப் படிப்பது போலவே படிக்கலாம். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் பாசி வாடும். சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பில் வீசவிட்டால் இரண்டு, மூன்று டிகிரி குறையும்.

இனி, அம்மா கேட்ட கேள்வி. 2020-ல் கேரளாவின் கோழிக்கோடு மாவட்டம், ஆவள பாண்டியில் வாய்க்கால் முழுக்க இளஞ்சிவப்புப் பூ விரிந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடியது. பூத்தது கபோம்பா, தென் அமெரிக்காவிலிருந்து மீன் தொட்டிக்கென வந்த செடி. துண்டு விழுந்தாலே முளைக்கும் களை. நீரோட்டத்தை அடைத்து, உள்ளூர்ச் செடிகளை நெருக்கிவிடும்.

அதனால் வெட்டிய தழை முழுவதும் இந்த வீட்டு மாடியில் சாக்கின் மீது காய்கிறது. கையில் நொறுங்கும்வரை காய்ந்த பிறகே உரக்குழிக்குப் போகும். கழிக்கும் தண்ணீர், துணியில் வடிகட்டிக் கறிவேப்பிலைக்குப் போகிறது. பக்கத்து வீட்டுப் பையன் பாசித் துண்டு கேட்டு வந்தபோது, மகள் கொடுக்கக் கை நீட்டினாள். அதற்குள் அம்மா குரல் கொடுத்தார்: “முதல்ல எங்க காய வைப்பேன்னு சொல்லு தம்பி. அப்புறம் வாங்கிக்கோ.”