தெளிந்த நீரின் பொய்

வீட்டில் ஒரு வெண்கலக் கும்பா இருந்தால் போதும். பௌதிக சாஸ்திரத்தில் ஒரு பாடம் கற்றுவிடலாம். கும்பாவின் அடியில் ஒரு நாணயத்தைப் போட்டு, விளிம்பு அதை மறைக்கும் வரையில் நாம் பின்னால் நகர்ந்துகொள்ள வேண்டும். பிறகு வேறொருவர் மெதுவாகத் தண்ணீர் வார்க்கட்டும். மறைந்த நாணயம் எழுந்து வந்து தரிசனம் தரும்! அலெக்ஸாந்திரியாவில் 2-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்ற அறிஞரே இவ் வேடிக்கையை எழுதி வைத்திருக்கிறார்.

நாணயம் அசையவில்லை, கிரணந்தான் திரும்பியது. காற்றில் செல்லும் வேகத்தில் முக்கால் பங்குதான் ஒளிக்கு நீரில் உண்டு. ஆகவே நீரை விட்டுச் சாய்வாக வெளியேறும் கிரணம் நீர்மட்டத்தை நோக்கிச் சற்று வளைகிறது. நம் கண்ணோ, வந்த கிரணமெல்லாம் நேர்க்கோட்டிலேயே வந்ததென்று நம்பும் வெள்ளை மனம் படைத்தது. அதனால் அடித்தரை மேலே வந்துவிட்டதாகத் தோன்றுகிறது. நேர் மேலிருந்து நோக்கினால் எட்டடி ஆழம் ஆறடியாய்த் தெரியும். கரையில் நின்று சாய்வாக நோக்கினாலோ இன்னும் குறைவு. ஐந்தரை அடி உயரமுள்ள பையன், ‘கழுத்தளவுதானே!’ என்று இறங்கிவிடுவான்.

பூந்தமல்லிக்கு அருகே, மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட கல் குவாரிகள் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு வறட்சியில் சென்னை நகரத்தின் தாகம் தீர்க்க உதவியது அங்கே தேங்கிய நீர்தான். செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்து அனுப்பினார்கள். அத்தகைய உபகாரம் செய்த இடத்திலேயே, குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பாத செய்திகளையும் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். நீச்சல் அறியாமை, வழுக்கும் பாறை என்று காரணங்கள் பல இருக்கலாம். நீரின் தெளிவையும் அவற்றோடு சேர்க்க வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். கலங்கிய ஏரி தன் ஆழத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அந்த மௌனமே நம்மை அஞ்சவைத்துக் காக்கிறது. தெளிந்த நீரோ அடியைக் காட்டி, குறைத்தும் சொல்கிறது. பாறையை வெட்டிய பள்ளமாகையால், குளத்தைப்போல் சரிந்து இறங்கும் கரையும் அங்கில்லை. அடுத்த அடி வைத்தால் செங்குத்து.

ஆழம் அறிய நம் கிராமத்தார் கழி விட்டுப் பார்ப்பார்கள். நீருக்குள் அக் கழியும் முறிந்து, குறுகித்தான் தெரியும். அதை வெளியே இழுத்து, ஈரம் ஏறிய இடம் வரையில் சாணால் அளக்க வேண்டும்.