அடைப்பும் வெயிலும்

வேலி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சில் எழுவது ஊரின் பசுமையே. கிளுவைப் போத்து நட்டு முள் அடைத்த கொல்லை வேலி, பனையோலைத் தட்டி, மூங்கிற் படல், தென்னங்கிடுகு மறைப்பு என எத்தனை வகைகள்! தஞ்சைப் பகுதியில் நிலத்தை அளக்கும் பேரளவுக்கே வேலி என்று பெயர். அந்த வேலிகள் ஆடு மாடுகளைத் தடுத்தன. அண்டை வீட்டாரின் பேச்சைத் தடுத்ததில்லை. பிழைப்பு நாடித் தலைநகருக்கு வந்த நம்மவர்க்கோ வேலி வேறு பாடங்களைப் புகட்டியுள்ளது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்கும் அடைப்பைப் பற்றி, எங்கள் பட்டறிவில் கண்ட சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

கரோல்பாகில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் முன்னாளில் வீடுகளே இருந்தன. அரசு அலுவலகங்களில் பணியாற்றிய தமிழ்க் குடும்பங்களும், 1947-இல் பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்த பஞ்சாபிக் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழ்ந்தன. காலப்போக்கில் கீழ்த்தளங்கள் ஒவ்வொன்றாகக் கடைகளாயின. 2006-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி, குடியிருப்புப் பகுதிகளில் இயங்கிய கடைகளுக்கு முத்திரையிடும் பணி தில்லியில் நடந்தபோது வணிகர்கள் கொதித்தெழுந்தனர். 2007 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பெருந்திட்டம், வரையறுத்த தெருக்களில் வீடும் வாணிகமும் கலந்திருக்க இடமளித்தது. தெருவுக்குத் தீர்வு கிடைத்தது. கொல்லைப்புறத்துக்கான தீர்வை அண்டை வீட்டாரே பேசிக் காணவேண்டியதாயிற்று.

எங்கள் முற்றத்தின் தென்புறத்து வீடு கைமாறி உணவகமானது. அதன் சமையற்கட்டு எங்கள் மதிலை ஒட்டி அமைந்தது. புகைபோக்கி விசிறியின் இரைச்சல், நள்ளிரவு வரை பாத்திரம் துலக்கும் ஓசை, மின்தடை நேர்ந்தால் ஜெனரேட்டரின் உறுமல் ஆகிய யாவும் எண்பதைக் கடந்த எங்கள் தந்தையாரின் படுக்கையறைக்குள் நுழைந்தன. 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபெலும் வணிகப் பகுதிக்கு 55 டெசிபெலும் எல்லையாக வகுத்துள்ளன. பத்து டெசிபெல் கூடினால் ஓசை இருமடங்கானதுபோல் செவி உணரும். எங்கள் மதிலின் இருபுறமும் நின்றவை இவ்விரு உலகங்களே.

உணவகத்தின் உரிமையாளர் தீயவர் அல்லர். முறையிட்டவுடன் மறுநாளே வந்து, மதிலின்மேல் பத்தடி உயரத்துக்குத் தகரம் அடித்துத் தருவதாகச் சொன்னார். நாங்கள் மகிழ்ந்தோம். தந்தையார் மட்டும் மகிழவில்லை. "இரைச்சல் போகிறதோ இல்லையோ, மார்கழி வெயில் போய்விடும்" என்றார்.

அவர் கூற்றைக் கணக்கிட்டுப் பார்த்தோம். டிசம்பர் திங்களின் பிற்பகுதியில் தில்லியின் நண்பகற் கதிரவன் அடிவானிலிருந்து 38 பாகை அளவே உயர்கிறான். பத்தடி அடைப்பு அப்போது ஏறத்தாழ 13 அடி நிழலை வீழ்த்தும். எங்கள் முற்றமோ 12 அடி அகலம். அதே அடைப்பு தஞ்சையில் நின்றால் நிழல் 7 அடியைத் தாண்டாது. தில்லியிலேயே ஜூன் திங்களில் நிழல் ஓரடிதான். நிழலை வரமாகக் கருதும் நாட்டிலிருந்து வந்த நமக்கு, நிழலும் ஒரு வழக்காகக்கூடும் என்பது எளிதில் தோன்றுவதில்லை. ஆனால் பனி மூடிய வடபுலத்தில், முதியோர்க்கு முற்றத்து வெயிலே மருந்து. அதுவே அவர்தம் திண்ணையும் ஆகும்.

ஒலியைப் பற்றியும் விசாரித்தோம். மெல்லிய தகரம் ஒலியை ஊடுருவ விடுவதோடு தானும் அதிரும். செடிவேலி கண்ணை மறைக்குமேயன்றிக் காதுக்குப் பெரிதும் உதவாது. கனமும் இடைவெளியின்மையுமே தடுப்பின் இலக்கணம். ஓசை எழும் இடத்துக்கும் நம் செவிக்கும் இடையேயுள்ள நேர்க்கோட்டை மறைத்தாலே ஏறத்தாழ ஐந்து டெசிபெல் குறையும். எனவே உயரத்தைவிட, ஓசை பிறக்கும் இடத்தைத் தாழ்த்துவதும் தள்ளிவைப்பதுமே மேலான வழி.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் வரைந்துகொண்டு, தந்தையாரே அடுத்த வீட்டுக்குச் சென்றார். தம் அரைகுறை இந்தியில் அவர் நிழலின் கணக்கை விளக்க, உரிமையாளர் நெடுநேரம் கேட்டிருந்தார். பின்னர், "பாபுஜி, என் தாயாரும் குளிர்காலத்தில் வெயிலைத் தேடி நாற்காலியை நகர்த்திக்கொண்டே இருப்பார்" என்றார். அதன்பின் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை.

ஆறடிச் செங்கல் மதில் இடைவெளியின்றிப் பூசப்பட்டது. ஜெனரேட்டர் ஒலித்தடுப்புக் கூண்டுக்குள் புகுந்து தெருப்பக்கம் சென்றது. பாத்திரம் துலக்கும் தொட்டி சமையற்கட்டின் மறுகோடிக்கு மாறியது. மதிலுக்கு மேல் இரும்புச் சட்டம் நிறுத்தி, தில்லி வீடுகளின் தாழ்வாரங்களில் தொங்கும் மூங்கிற் சிக்குகளைக் கட்டினர். மாலையில் அவற்றை இறக்கிவிட்டால் சமையற்கட்டின் விளக்கொளி எங்கள் அறையை எட்டாது. காலையில் சுருட்டிவிட்டால் மதிலின் நிழல் எட்டடிக்குள் அடங்கும்; எஞ்சிய நான்கடியில் ஒரு நாற்காலி தாராளமாக இடங்கொள்ளும். இரைச்சல் முற்றும் ஒழிந்துவிடவில்லை. எனினும் தந்தையார் உறங்குகிறார்.

சிக்குகளைச் சுருட்டும் கயிறுகள் உணவகத்தின் பக்கம் உள்ளன. நாள்தோறும் காலையில், அடுப்பை மூட்டுமுன் அங்குள்ள பணியாளர் எவரேனும் அவற்றை இழுத்துக் கட்டுகின்றனர். நாங்கள் ஒருநாளும் நினைவூட்டியதில்லை. தலைநகரில் கடையருகே குடியேறும் நம்மவர்க்கு ஒன்றைச் சொல்வோம்: அடைப்பு எழுமுன் நிழலை அளந்து பாருங்கள், அளந்த தாளுடன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.